தாழ்ச்சி யாருக்கான பாடம்?

பெரிய வியாழன் வந்தால் கத்தோலிக்கக் கோவில்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். குருவானவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். மறையுரையில் தாழ்ச்சி, பணிவு, மனமுவந்த சேவை என்று கேட்போம். நல்ல சொற்கள்தான். ஆனால் அவை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன?

தோழர்களே, யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். அந்தக் காலத்தில் விருந்தினரின் கால் கழுவுவது அடிமையின் வேலை. அன்று எழுந்து துண்டைக் கட்டியவரோ, அந்த அறையில் எல்லோருக்கும் போதகர். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்திலும் பவுல் இதையேதான் சொல்கிறார்: கடவுளின் நிலையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கிக்கொண்டு அடிமையின் நிலைக்கு வந்தார். இறங்குவதற்கு முதலில் உயரம் வேண்டும். பிறப்பின் பெயரால் கீழே தள்ளப்பட்டவரிடம் போய் "இறங்கு" என்பது நற்செய்தி அல்ல, பழைய சாதிக் கட்டளை.

'மனமுவந்து' என்ற சொல்லையும் சும்மா விடக் கூடாது. மறுக்க முடிந்தவர் செய்வதுதான் சேவை. குழி வெட்டுவது, பறையடிப்பது, இழவு சொல்லப் போவது எல்லாம் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவின் தலையில் கட்டப்பட்டவை. முடியாது என்றால் மிரட்டல், ஊர்விலக்கு. இதற்குச் சேவை என்று பெயர் வைப்பது, சேவையையே கேவலப்படுத்துவது.

இறங்கச் சொன்னபோது உயரத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியாவின் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். விழுப்புரம் மாவட்டமாக அன்றிருந்த பகுதியில் உள்ள எறையூரில், சம உரிமை மறுக்கப்பட்ட தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச்சில் அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த பிறகும் சாதி பிரிக்கும் சுவர். இத்தனைக்கும் நடுவில், உரிமை கேட்பவருக்குத்தான் "பொறுமையாக இருங்கள், தாழ்ச்சியோடு இருங்கள்" என்ற உபதேசம்.

வெளியேயும் இதே கதைதான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே. கோவிலுக்குள் சாதி உண்டு, அரசாங்கக் காகிதத்தில் இல்லை!

சடங்கின் விதி மாறாததல்ல. 2013இல் போப் பிரான்சிஸ் ரோம் நகரின் சிறார் சிறையில் கைதிகளின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். 2016இல் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியே திருத்தப்பட்டது. ரோமில் முடிந்தது நம் பங்கில் ஏன் முடியாது? அந்தப் பன்னிரண்டு பேரில் சேரிக்காரர் எத்தனை பேர்? பங்குப் பேரவையில் எத்தனை பேர்? திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது? ஒருநாள் பாதத்தைக் கழுவிவிட்டு மறுநாள் தனிக் கல்லறைக்கு அனுப்பினால், அந்தத் தண்ணீருக்கு என்ன அர்த்தம்?

தாழ்ச்சியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது போய்ச் சேர வேண்டிய முகவரியை மாற்றச் சொல்கிறேன். நமக்கும் அந்த முகவரியில் இடமுண்டு. படித்துவிட்டுச் சேரிக்குப் போகிற நாம் பேசப் போகிறோமா, கேட்கப் போகிறோமா? நம் கூட்டங்களில் டீ போடுவதும் நாற்காலி அடுக்குவதும் ஏன் எப்போதும் தோழிகளின் வேலையாகிறது? அங்கே துண்டைக் கட்ட வேண்டியவர்கள் மேடையில் இருக்கும் ஆண்கள்.

அடுத்த முறை தாழ்ச்சி பற்றிப் பிரசங்கம் கேட்டால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்காதீர்கள். கை தூக்கி ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கே இறங்க வேண்டியவர் யார்?