கடலும் ரோடுதான், கட்டணம் மட்டும் ஏன் வேறு?

இலுப்பூரிலிருந்து அந்தமானுக்கு ஒரு குட்டி யானையை அனுப்ப வேண்டும். என்ன செலவாகும்?

சிரிக்க வேண்டாம், தோழர்களே. கோயில் யானையைச் சொல்லவில்லை. செங்கல்லும் சிமெண்டும், காய்கறி மூட்டையும் ஏற்றித் தெருத்தெருவாய் ஓடுகிறதே, அந்தச் சின்ன லோடு வண்டியைத்தான் சொல்கிறோம். இன்று நம் பக்கத்துக் கூலிக்காரன் மகன் நாலு காசு சேர்த்து, பாக்கியைக் கடன் வாங்கி, சொந்தக்காலில் நிற்க ஆசைப்பட்டால் முதலில் வாங்குவது அதைத்தான்.

“இங்கே கூலிப் பிரச்னையே தலைக்குமேல் கிடக்கிறது. அந்தமானுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பவர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அது இன்று நேற்று வந்ததும் அல்ல.

வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் இலங்கைக்கு ஆள் பிடிக்க 1904-ல் ஒரு கமிஷன் வைத்தார்கள். அதன் தலைமை ஆபீஸ் எங்கே இருந்தது தெரியுமா? நம் திருச்சியில்! திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்தும், அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். மண்டபத்தில் முகாம். அங்கே அடைத்து வைத்து, வைத்தியப் பரிசோதனை என்ற பெயரில் மந்தையைப் போல் எண்ணி, பிறகு கப்பல். தேயிலை மலையில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை 1964 அக்டோபர் 30-ல் இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து பேசிப் பங்கு பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று ஒப்பந்தம். அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினரை 1970-களில் நிக்கோபார் கூட்டத்திலுள்ள கச்சல் தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். வறண்ட சீமையிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து முகாமுக்கு, முகாமிலிருந்து மறுபடியும் கடலுக்கு! இவர்கள் போக, ரோடு போடவும் கட்டடம் கட்டவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் போனவர்கள் வேறு. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி அந்தமான் நிக்கோபாரில் சுமார் 3,80,000 பேர். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

ஆகையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலுப்பூர்ப் பக்கத்து வாலிபன் ஒருவன். அவன் மாமன் போர்ட் பிளேயரில் கொத்தனார். (2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பெயரை மாற்றினால் கடல் சுருங்கிவிடாது.) “வண்டியோடு வா மாப்பிள்ளை, பிழைத்துக்கொள்ளலாம்” என்கிறான் மாமன். வாலிபனும் திருச்சியில் ஒரு பழைய வண்டியை முடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் காகிதம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம். டி.என். 55 போய் ஏ.என். 01 ஆக வேண்டும். அதற்கு இங்கே ‘ஆட்சேபணை இல்லை’ என்ற சர்ட்டிபிகேட். வரி பாக்கி இருக்கக்கூடாது. கடன் கொடுத்தவனும் சம்மதிக்க வேண்டும். இந்த இடத்தில் ஒன்றைத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அதே சட்டத்தின் 48-வது பிரிவின்படி, மனு கொடுத்து 30 நாளுக்குள் ஆபீஸ் மறுப்பு எதுவும் தெரிவிக்காவிட்டால், சர்ட்டிபிகேட் கொடுத்ததாகவே அர்த்தம். மனு கொடுத்ததற்கு ரசீதை மட்டும் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். “நாளைக்கு வா” என்று அலைய வைப்பவர்கள் இந்தப் பிரிவை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

தரைவழிப் பயணம் சுலபம். விராலிமலை போய் பெரிய ரோட்டில் ஏறி, திருச்சி, விழுப்புரம் வழியாகச் சென்னை. டீசல் போட வேண்டும், டோல்கேட்டில் அழ வேண்டும். ஆனாலும் அவன் ஓட்டிய தூரத்துக்குத்தான் அவன் செலவு. ரோடு போட்ட செலவு முழுவதையும் அவன் ஒருவன் தலையில் கட்டுவதில்லை.

துறைமுகத்து வாசலில் கணக்கு தலைகீழாகிறது.

கப்பல்காரன் சரக்கை இரண்டு விதமாக அளப்பான். எடை எத்தனை டன்? கன அளவு எத்தனை மீட்டர்? இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஒரு டன் எடைக்கு ஒரு கன மீட்டர் என்பது கப்பல் கணக்கு. சிமெண்டு மூட்டைக்கு இது பெரிதாக உறுத்தாது. வண்டிக்கு? சின்ன லோடு வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் பத்துக் கன மீட்டர்! டிரைவர் உட்காரும் இடம், காலித்தொட்டி, சக்கரத்துக்கு நடுவே உள்ள சந்து, எல்லாமே சரக்கு. ஒரு டன் இரும்புக்குப் பத்து டன் கூலி. ஒன்பது டன் காற்றுக்குக் கொடுக்கிறோம் என்று சொன்னால் தப்பில்லை. ரூபாய்க் கணக்கு கப்பலுக்குக் கப்பல், காலத்துக்குக் காலம் மாறும். இந்த அளக்கும் முறை மாறுவதில்லை.

கப்பல் இடம் அடைபடுகிறது, வேறு சரக்கு வைக்க முடியாது என்பது அவர்கள் நியாயம். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அதில் பொய் இல்லை. கண்டெய்னர் பெட்டிக்குள் ஏற்றினாலும் கதை இதேதான். பெட்டி வாடகை முழுவதும் வண்டிக்காரன் தலையில்.

ஏற்றுவது லேசான காரியம் அல்ல. டீசலைக் குறைக்க வேண்டும். பாட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். கியரில் போட்டு, ஹாண்ட் பிரேக் இழுத்து, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுக்க வேண்டும். பிறகு கட்டு. இந்தக் கட்டில்தான் தொழிலாளியின் சாமர்த்தியம் இருக்கிறது. பாடியில் கட்டினால் வில்லுப்பட்டை அமுங்கி எழும்பும்போது சங்கிலி தளர்ந்துவிடும். கீழே அச்சில் பிடித்து நாலு மூலைக்கும் எதிரெதிராக இழுக்க வேண்டும். கப்பல் வெளிக்கடலுக்குப் போன பிறகு ஒருமுறை சுற்றி வந்து மறுபடியும் முறுக்க வேண்டும். ஒரு வண்டி அறுத்துக்கொண்டால் பக்கத்திலிருக்கும் பத்து வண்டியையும் அது நொறுக்கும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடல் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். துறைமுகத் தொழிலாளியின் கூலியைக் குறைத்தால் கட்டணம் குறையும் என்று உபதேசம் செய்கிற கனவான்களை மார்கழிக்கு முன் ஒரு தடவை அந்தத் தட்டில் நின்று சங்கிலி முறுக்கச் சொல்ல வேண்டும்.

சேதம் ஆனால்? இன்சூரன்சு இருக்கிறதே என்று நம் வாலிபன் நினைப்பான். முழு இன்சூரன்சுப் பத்திரத்தைப் பிரித்துப் படித்தால், வண்டியை ஏற்றிக்கொண்டு போகும்போது ஏற்படும் சேதம் எந்த வழிக்கெல்லாம் செல்லும் என்று போட்டிருக்கும். ரோடு, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிப்ட், ஆகாயம் என்று வரிசையாக வரும். ஆகாயம் உண்டு, லிப்ட் உண்டு, கடல் இல்லை! குட்டி யானையை ஆகாய விமானத்தில் ஏற்றிப் போகிறவன் எவனோ, அவனுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. கப்பலில் ஏற்றுகிறவன் தனியாகக் கடல் இன்சூரன்சு எடுத்தாக வேண்டும். எடுக்காமல் போனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கப்பலைக் காப்பாற்ற வேண்டி சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் தள்ளினால், அந்த நஷ்டத்தைத் தப்பித்த சரக்குக்காரர்களும் கப்பல்காரனும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும் என்பது கடல் சட்டம். மிகப் பழைய சட்டம். லாபம் வரும்போது இப்படிப் பங்கு போடும் சட்டம் எதையும் கப்பல் கம்பெனிகள் கண்டுபிடிக்கவில்லை.

அதற்குப்பின் காத்திருப்பு. கப்பல் ஓடினால் சுமார் 1,200 கிலோமீட்டர், மூன்று நாள். கப்பல் கிடைக்கும் வரை வண்டி நிற்கும், வட்டி நிற்காது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தீவுவாசி கப்பலில் ஏறினால் சலுகைக் கட்டணம் உண்டு. நல்ல ஏற்பாடு, அது தொடர வேண்டும். ஆனால் அவனுக்குச் சோறு போடும் வண்டிக்கு அதே மனதோடு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சர்க்காருக்கு யோசனை தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. மலைப்பிரதேசங்களுக்கும் தீவுகளுக்கும் சரக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் திட்டத்தை மத்திய சர்க்கார் 1971-லேயே கொண்டுவந்தது. அந்தமானும் அதில் சேர்ந்திருந்தது. யாருக்குத் திருப்பித் தந்தார்கள்? தொழிற்சாலைகளுக்கு! மூலப்பொருள் கொண்டு போகவும் செய்த சரக்கைக் கொண்டு வரவும்! 2013-ல் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள், 2016-ல் அதையும் நிறுத்தினார்கள். முதலாளியின் மூலப்பொருளுக்குக் கடல் தூரம் ஒரு கஷ்டம் என்று 45 வருஷம் ஒப்புக்கொண்டவர்கள், கூலிக்காரனின் வண்டிக்கு அதே கடல் அதே தூரம்தான் என்பதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

“கடலுக்கு ரோடு போட முடியுமா?” என்று கேட்பார்கள். போட வேண்டாம். அந்தமானிலேயே போய்ப் பாருங்கள். போர்ட் பிளேயரிலிருந்து திக்லிபூர் போகிற பெரிய ரோடு, நான்காம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. தெற்கு அந்தமானுக்கும் பாராடாங் தீவுக்கும் நடுவே அது தண்ணீரில் இறங்குகிறது. அங்கே பாலம் கிடையாது. லாரியும் பஸ்ஸும் சர்க்கார் மிதவைப் படகில் ஏறி அக்கரை போகின்றன. அந்தத் தண்ணீர் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. அங்கே யாரும் வண்டியின் காற்றை அளந்து கொண்டிருப்பதில்லை. (அந்த ரோடு ஜாரவா மக்களின் காட்டைப் பிளந்துகொண்டு போவதும், அப்பகுதியில் அதை மூடும்படி 2002-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டும் போக்குவரத்து நிற்காததும் வேறொரு அநியாயம். தனியே எழுத வேண்டிய விஷயம்.) ஜலசந்தி ரோடாக முடியுமானால், சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் நடுவிலுள்ள கடல் ஏன் ஆக முடியாது?

நம் பக்கத்திலேயே பாருங்கள். பாம்பன் ரயில் பாலம் 1914-ல் வந்தது. தோட்டத்துக்கு ஆளும் வியாபாரத்துக்குச் சரக்கும் போக வேண்டியிருந்தது, வந்தது. ராமேஸ்வரத்துக்கு ஒரு காரோ லாரியோ போக வேண்டுமானால் மண்டபத்தில் ரயில் வாகனில் ஏற்றித்தான் பாம்பனில் இறக்க வேண்டும். ரோடுப் பாலத்துக்கு 1974-ல் கல் நாட்டி, 1988 அக்டோபர் 2-ல்தான் திறந்தார்கள். ரயிலுக்கும் ரோட்டுக்கும் நடுவே 74 வருஷம்! திறந்த பிறகு, கடலுக்கு மேலே போகிற தூரத்துக்கு மட்டும் லாரிக்காரன் கன மீட்டர் கணக்கில் கொடுக்க வேண்டும் என்று எந்த மந்திரியும் சொல்லவில்லை.

வெளிநாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நியூபவுண்ட்லாந்து தீவு 1949-ல் கனடாவோடு சேர்ந்தபோது, இணைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டது: கரைக்கும் தீவுக்கும் கப்பல் நடத்துவது மத்திய சர்க்காரின் பொறுப்பு, தீவில் ரோடு முடிந்ததும் மோட்டார் வண்டிகளை ஏற்ற வசதி செய்ய வேண்டும், ரயில் கட்டணக் கணக்குக்கு அந்தக் கடல் தூரம் முழுக்க ரயில் பாதையாகவே பாவிக்கப்படும். ஸ்காட்லாந்தில் 2008-ல் சில தீவுகளுக்குப் பரீட்சையாகத் தொடங்கி, 2015-க்குள் மேற்குக்கரைத் தீவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதே தூரம் ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகுமோ, அதை வைத்துத்தான் படகுக் கட்டணம். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரிய லாரிகளுக்கு அந்தச் சலுகையை 2012-ல் எடுத்துவிட்டார்கள். உல்லாசப் பயணியின் காருக்குக் கிடைத்தது, தீவுக்கு அரிசியும் மரமும் கொண்டுபோகிற வண்டிக்குப் போயிற்று. நாம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. உல்லாசக் கார் முழுக் கட்டணம் கொடுக்கட்டும். பாடுபடும் வண்டிக்கு ரோட்டுக் கணக்கு.

இதைச் செய்யக் கப்பல் வேண்டும், அது பொதுச்சொத்தாக இருக்க வேண்டும். 1961 அக்டோபர் 2-ல் சர்க்கார் இரண்டு கம்பெனிகளைச் சேர்த்து ஷிப்பிங் கார்ப்பரேஷனை அமைத்தது. தீவுகளுக்குப் போகிற பெரிய கப்பல்களை நடத்தி வந்தது அதுதான். 2019 நவம்பரில் அதிலுள்ள சர்க்காரின் 63.75 சதவீதப் பங்கை விற்க மத்திய மந்திரி சபை சம்மதம் கொடுத்தது. தனியாரிடம் கப்பலைக் கொடுத்துவிட்டுப் பிறகு தீவுக்காரனுக்கு ரோட்டுக் கணக்கு போடு என்றால் அவன் போடுவானா?

சுமை வண்டி, டிராக்டர், ஆட்டோ, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்குக் கன அளவை விட்டுவிட்டு எடைக்கு மட்டும் கட்டணம் வாங்க வேண்டும். ஒருவனுக்கு ஒரு வண்டி என்று வரம்பு வைத்துக்கொள்ளட்டும், ஆட்சேபணை இல்லை. இன்சூரன்சுப் பத்திரத்தில் ஆகாயத்துக்குப் பக்கத்தில் கடல் என்ற ஒரு சொல்லை அச்சடிக்க வேண்டும். கப்பல் தாமதமானால் துறைமுகத்தில் நிற்கிற நாட்களுக்கு வாடகை வாங்கக்கூடாது. லோடு வண்டி, ஆட்டோ சங்கங்களும் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து இவற்றை மனுவாக எழுத வேண்டும். சென்னையில் கட்டுகிறவனும் இலுப்பூரில் ஓட்டுகிறவனும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவுக்கு எடை அதிகம்.

மனுவில் போர்ட் பிளேயரோடு நிறுத்திவிடக் கூடாது. அங்கே இறங்கிய வண்டி கச்சலுக்குப் போக வேண்டுமானால் இன்னொரு கப்பல், இன்னொரு காத்திருப்பு. ரப்பர் தோட்டங்களை நடத்திய சர்க்கார் கார்ப்பரேஷனை மூட 2017-ல் முடிவு செய்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்ட தீவு அது. அங்கே வேலை போனவன் ஒரு பழைய வண்டி வாங்கிப் பிழைக்க நினைத்தால், அந்த இரண்டாவது கடலுக்கும் இதே கணக்குத்தான் என்று மனுவில் எழுதியாக வேண்டும்.