செக்ரோல் யார் கையில்?

"கம்ப்யூட்டர் படிச்சு என் பிள்ளை என்னங்க செய்யப் போவுது?" என்று தோட்டத்துத் தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தட்டெழுதவும் படம் பார்க்கவும் மட்டும் என்றால் அதற்குத் தனிப் படிப்பு வேண்டியதில்லை. ஆனால் ஒரு கணக்குப் பேரேட்டைக் கணினியில் தானே அமைக்கும் வித்தை ஒன்று உண்டு. அதை நம் பிள்ளைகள் கற்றே ஆக வேண்டும்.

காரணம் இருக்கிறது. விடியற்காலைப் பெரட்டில் கூப்பிட்ட பெயரும், ஸ்டோரில் நிறுத்த பாலும் செக்ரோலில்தான் ஏறின. அந்தப் புத்தகம் கிராணியார் மேசையில் இருந்தது. பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் ஆனபோது, ஆபீசோடு புத்தகமும் போயிற்று. நம்மிடம் மிஞ்சியது உளியும் ஞாபகமும்தான்.

ஞாபகத்துக்குச் சட்டத்தில் விலை குறைவு. ஆட்குறைப்பு நட்டஈட்டுக்கு 1980-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 18 ஆண்டு உழைத்தவருக்கு 360 நாள் சம்பளம் வர வேண்டும். 12 ஆண்டுக்குத்தான் பதிவு என்றால் 240 நாள். மீதி 120 நாள் போனது போனதுதான்! ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்பதையும் கடைசி 12 மாதச் சராசரியை வைத்தே பார்ப்பார்கள். எழுதி வைத்தவன் பேச்சுத்தான் அங்கே எடுபடும்.

கணினியில் இந்தப் பேரேட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். ஓர் அட்டவணையில் ஆள் விவரம்: பெயர், சேர்ந்த தேதி. இன்னொன்றில் தினக் கணக்கு: நாள், கிலோ, சம்பளம். இரண்டையும் இணைப்பது ஆளுக்கு ஓர் எண், பழைய செக்ரோல் நம்பர் மாதிரி. பெயர் ஏன் போதாது? ஒரே தோட்டத்தில் மூன்று லெட்சுமி இருப்பார்கள். ஒரே லெட்சுமியின் பெயரையும் சேமநிதித் தாளில் ஒரு விதமாகவும், அடையாளக் கார்டில் வேறு விதமாகவும் ரூமியில் எழுதியிருப்பார்கள். எண் இருந்தால் குழப்பமில்லை.

பிறகு கேள்வி கேட்கக் கற்க வேண்டும். ஐந்து ஆண்டு நிறைந்தவர் யார்? போன மாதம் சேமநிதி கட்டப்படாதவர் யார்? சரியாகக் கட்டளை எழுதினால் நொடியில் பதில் வரும். அப்படி எழுதுவதுதான் புரோகிராம்.

1980-களில் டிபேஸ் வந்தது. 1992-இல் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் வந்தது. இன்று லிப்ரே ஆபீஸ் பேஸ் ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல் கிடைக்கிறது. பழைய கணினியே போதும். இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். கணினியில் தமிழ் எழுத முரசு மென்பொருளைத் தந்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன்தானே!

ஒன்றை மறக்கக் கூடாது. நாமே எழுதிய கணக்கு மட்டும் வழக்கை வென்று தராது. சம்பளச் சீட்டும் சேமநிதி அறிக்கையும் பத்திரமாக இருக்க வேண்டும்; அவற்றை ஒழுங்காகத் தேடி எடுக்கத்தான் தரவுத்தளம். அதற்குப் பிரதி இரண்டு, வேறு வேறு இடத்தில் இருக்கட்டும். பிறர் சம்பளமும் கார்டு எண்ணும் கண்டவர் கண்ணில் படக் கூடாது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். நாம் ஆயுசு முழுவதும் உழைப்பைப் போட்டோம். அளந்தவர் வேறு ஆள். சங்கக் கிளைகள் கோயில் மண்டபத்தில் ஒரு கணினி வைத்து, பள்ளி விடுமுறையில் வகுப்பைத் தொடங்கட்டும். அப்பா, அம்மாவின் பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டு வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் கட்டும் முதல் அட்டவணை அதுவாக இருக்கட்டும்.