தாமல் பக்கம் தோட்டம், நாலு வீடு: வாங்கறதுக்கு முன்னாடி

1/ "டாக்டர், காஞ்சிபுரம் தாண்டி தாமல் பக்கம் ஒரு ஏக்கர் பாத்திருக்கோம். நாலு குடும்பமா சேர்ந்து வாங்கி, ஆளுக்கொரு சின்ன வீடு கட்டி, ரிட்டயர் ஆனதும் அங்கயே இருந்துடலாம்னு இருக்கோம்." சுகர் செக்கப்புக்கு வர்றவங்க என்கிட்ட அடிக்கடி சொல்ற விஷயம் இது.

2/ நல்ல ஆசைதான். இத்தாலி, போர்ச்சுகல்ல பழைய பண்ணையை வாங்கி நாலஞ்சு வீட்ல சேர்ந்து வாழறவங்க வீடியோ பாத்தா யாருக்கும் ஆசை வரும். ஆனா நம்ம ஊர்ல வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுமையா பாருங்க.

3/ முதல்ல பத்திரம். விவசாய நிலத்துல நினைச்சபடி நாலு வீடு கட்ட முடியாது. நில உபயோக மாற்றம், கட்டட அனுமதி ரெண்டையும் விசாரிங்க. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல தடை போட்டதுக்குக் காரணமே வயல்கள் இஷ்டத்துக்கு மனையானதுதான்.

4/ "பிரிபடாத பங்கு"ன்னு எழுதிக் கொடுத்தா உஷார். உட்பிரிவு செஞ்சு, தனிப் பட்டா வாங்குங்க. இன்னைக்கு நீங்க நாலு பேரும் நண்பர்கள். நாளைக்கு உங்க பிள்ளைங்க எட்டு பேரும் அப்படி இருப்பாங்களா?

5/ தாமல் ஏரி பெரிய ஏரி. வெயில் காலத்துல தரையா தெரியற இடம் மழைக்கு நீர்பிடிப்பா இருக்கும். 'அ' பதிவேடு, புலப்படம் ரெண்டுலயும் ஓடை, வாய்க்கால் இருக்கான்னு பாருங்க. நாலு வீட்டுக்கும் ஒரே கிணறுன்னா, செப்டிக் டேங்கை அதுக்குத் தள்ளியே கட்டுங்க. இல்லன்னா ஒரு வீட்டு வயித்துப்போக்கு நாலு வீட்டுக்கும் வரும்.

6/ வெளிநாட்ல இருக்கற தம்பி, தங்கைகளுக்கு: அந்நியச் செலாவணி விதிப்படி என்ஆர்ஐ விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையா வந்தா வெச்சுக்கலாம். "அப்பா பேர்ல வாங்கி, அப்பா அம்மாவை அங்க குடி வெச்சுடலாம்"னு அடுத்த யோசனை வருதில்ல? என் கவலையே அங்கதான் ஆரம்பிக்குது.

7/ ஆஸ்பத்திரி தூரம்னு பயப்படாதீங்க. நெடுஞ்சாலையில காஞ்சிபுரம் சீக்கிரம் போயிடலாம். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசியை, அறிகுறி ஆரம்பிச்சு 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும். ராத்திரி 11 மணிக்கு அப்பாவுக்கு வாய் கோணி, காலையில பால்காரர் வந்து பாத்தா? நேரம் போனது ரோட்ல இல்ல, வீட்டுக்குள்ள.

8/ பாம்புக்கடியும் இப்படித்தான். கட்டுப் போடாம, கீறாம, உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போக ஒரு ஆள் வேணும். 108-க்கு போன் பண்ணவும் ஒரு ஆள் வேணும்.

9/ அதனால என் கருத்து இதுதான். நாலு வீடு கட்டறது முக்கியமில்ல, தினம் ராத்திரி எத்தனை வீட்ல விளக்கு எரியும்ங்கறதுதான் முக்கியம். நிரந்தரமா குடியிருக்க ரெண்டு குடும்பமாவது தயாரா இருந்தா தாராளமா வாங்குங்க. மத்தவங்க வீக்எண்டுக்கு வரட்டும்.

10/ யாருமே தங்கப் போறதில்ல, அப்பா அம்மா மட்டும்தான்னா வாங்காதீங்க. அவங்க இப்ப இருக்கற தெருவுல, கதவு திறக்கலன்னா வந்து தட்டறதுக்கு நாலு பேர் இருக்காங்க.

அட்வான்ஸ் கொடுக்கப் போற யாராவது தெரிஞ்சா அவங்களுக்கு ஷேர் பண்ணுங்க.