சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் அமெரிக்காவில் வரி ரீஃபண்ட் வாங்க முடியுமா?

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஏப்ரல் 15 கடைசி நாள். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்ப வாங்கவும் இந்தக் கணக்கைத்தான் தாக்கல் செய்ய வேண்டும். படிவத்தின் மேல்பகுதியிலேயே 9 இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்பார்கள். வேலை பார்க்க அனுமதி உள்ளவர்களுக்குத்தான் பொதுவாக அந்த எண் கிடைக்கும். அப்போ, அது இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வி முக்கியமாக இரண்டு தரப்பினருடையது. எச்-1பி விசாவில் இருக்கும் கணவரையோ மனைவியையோ சார்ந்து எச்-4 விசாவில் போனவர்கள் ஒரு தரப்பு. டெக்சாஸ், நியூ ஜெர்சி, கலிபோர்னியாவில் இப்படி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. இன்னொரு தரப்பு, எந்த விசாவும் இல்லாமல் கட்டட வேலையிலும் பண்ணைகளிலும் ஓட்டல் சமையலறைகளிலும் உழைப்பவர்கள். நிரப்பும் படிவம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால், அதில் வீட்டு முகவரியை எழுதும்போது வரும் பயம் ஒரு தரப்புக்கு மட்டும்தான்.

ஐடிஐஎன் என்றால் என்ன?

அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் 1996-ல் ஐடிஐஎன் என்ற தனி எண்ணைக் கொண்டுவந்தது. இதுவும் 9 இலக்கம்தான், எப்போதும் 9-ல் தொடங்கும். சோஷியல் செக்யூரிட்டி எண் பெறத் தகுதி இல்லாதவர்கள் வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்காகவே இது தரப்படுகிறது. நம்ம ஊர் பான் எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் காட்டி வேலைக்குச் சேர முடியாது, விசா நிலையும் மாறாது.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் டபிள்யூ-7. இதைப் பொதுவாக வரிக் கணக்கோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். அதனால் முதல் ஆண்டில் ஆன்லைன் தாக்கல் கிடையாது. காகிதத்தில் எழுதி டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள ஐடிஐஎன் பிரிவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதோடு அசல் பாஸ்போர்ட் அல்லது அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல் வேண்டும். நோட்டரி கையெழுத்துப் போட்ட நகலை ஏற்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் இருக்கும்போது பாஸ்போர்ட்டைத் தபாலில் போட யாருக்கு மனசு வரும்? அதற்காகத்தான் ஐஆர்எஸ் அங்கீகரித்த முகவர்கள் இருக்கிறார்கள். அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சில ஐஆர்எஸ் உதவி மையங்களிலும் முன்பதிவு செய்து நேரில் போய்க் காட்டலாம். எண் வர சுமார் 7 வாரம் ஆகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நெரிசல் காலத்தில் 9 முதல் 11 வாரம். ரீஃபண்டும் அதுவரை காத்திருக்கும்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு?

2025-ம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எச்-1பி-யில் இருப்பவருக்கு ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர், மனைவிக்கு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தனியாகத் தாக்கல் செய்தால் 15,750 டாலர் நிலையான கழிவு போக, மத்திய அரசின் வரி சுமார் 11,250 டாலர். மனைவிக்கு ஐடிஐஎன் வாங்கி இருவரும் கூட்டாகத் தாக்கல் செய்தால் கழிவு 31,500 டாலராகிவிடும். வரி சுமார் 6,540 டாலர். வித்தியாசம் 4,700 டாலருக்கு மேல். நம்ம காசுக்கு 4 லட்சத்தைத் தாண்டும். சம்பளத்தில் கூடுதல் விகிதத்திலேயே வரி பிடித்திருந்தால் இந்தத் தொகை ரீஃபண்டாக வரும்.

ஒரு பிடி உண்டு. அந்த ஆண்டில் போதிய நாள்கள் அமெரிக்காவில் தங்காத மனைவி கூட்டுக் கணக்கில் சேர வேண்டுமானால், தன்னை ஆண்டு முழுவதும் அங்கே குடியிருந்தவராகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் ஊரில் இருக்கும் எஃப்டி வட்டி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் அமெரிக்கக் கணக்கில் காட்டியாக வேண்டும். எஃப்டி வட்டியை யாரும் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே அது ஆகாது.

பிள்ளைகளுக்கான சலுகையில்தான் அடி

ஐடிஐஎன் இருந்தால் பிடித்த வரியைத் திரும்ப வாங்கலாம், சரி. ஆனால், அரசு தரும் வரிச் சலுகைகளில் பெரியவை அந்த எண்ணுக்குக் கிடைக்காது. குறைந்த சம்பளக்காரர்களுக்கான உழைப்பு வருமானச் சலுகைக்கு, கணக்கில் உள்ள கணவன், மனைவி, அதற்காகக் காட்டும் பிள்ளை என எல்லோருக்குமே சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும்.

பிள்ளைகளுக்கான வரிச் சலுகை இப்போது ஒரு பிள்ளைக்கு 2,200 டாலர் வரை. 2018 கணக்கிலிருந்தே பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம். சென்னையில் பிறந்து எச்-4 விசாவில் போன குழந்தைக்கு அது இருக்காது என்பதால், ஐடிஐஎன் வாங்கி 500 டாலர் சலுகை மட்டும் கேட்கலாம். அதுவும் கட்ட வேண்டிய வரியைக் குறைக்குமே தவிர, ரீஃபண்டாகக் கைக்கு வராது. அங்கேயே பிறந்த தம்பிக்கோ தங்கைக்கோ முழுச் சலுகை. ஒரே வீட்டில், ஒரே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குள் இந்த வித்தியாசம்.

2025 ஜூலை 4-ம் தேதி அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. இனி பெற்றோரில் ஒருவருக்காவது சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். எச்-1பி குடும்பங்களுக்குப் பாதிப்பில்லை, ஒருவருக்கு அந்த எண் இருக்கிறது. அம்மா, அப்பா இருவருமே ஐடிஐஎன்-ல் தாக்கல் செய்யும் வீடுகள்தான் மாட்டிக்கொண்டன. அங்கே பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும் 2025 கணக்கிலிருந்து இந்தச் சலுகை இல்லை. பெற்றோரின் எண்ணைப் பார்த்துக் குடிமகனான குழந்தையின் பங்கை நிறுத்துவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதற்கு முன்பும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2020-ல் கொரோனா நிவாரணமாகத் தலைக்கு 1,200 டாலர் கொடுத்தபோது, கூட்டுக் கணக்கில் ஒருவர் ஐடிஐஎன் வைத்திருந்தாலே, ராணுவத்தில் இருப்பவர்களைத் தவிர, தம்பதி இருவருக்கும் பணம் கிடையாது என்றார்கள். அமெரிக்கக் குடிமக்களே நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம்தான் அதைச் சரிசெய்தது.

ஆவணம் இல்லாதவர்கள் ஏன் கணக்கு கொடுத்தார்கள்?

ஐடிஇபி என்ற அமெரிக்க வரிக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆவணம் இல்லாத குடியேறிகள் 2022-ல் செலுத்திய வரி 9,670 கோடி டாலர். அதில் 2,570 கோடி டாலர் சோஷியல் செக்யூரிட்டி நிதிக்குப் போனது. வயதான காலத்தில் அந்த நிதியிலிருந்து அவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு டாலர்கூட வராது.

பலர் வேறொருவரின் அல்லது போலியான எண்ணில் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள். சம்பளச் சான்றிதழில் ஒரு எண், வரிக் கணக்கில் ஐடிஐஎன். இது ஐஆர்எஸ்ஸுக்குத் தெரியும். தெரிந்தே கணக்கை வாங்கிக்கொண்டது. வரி வந்தால் போதும், மற்றதை விசாரிப்பதில்லை என்பதே வழக்கமாக இருந்தது. வரித் தகவலை மற்ற துறைகளிடமிருந்து பாதுகாக்கும் 6103 என்ற சட்டப்பிரிவு, நிக்ஸன் கால முறைகேடுகளுக்குப் பிறகு 1976-ல் கடுமையாக்கப்பட்டது. அதை நம்பித்தான் மக்கள் உண்மையான முகவரியை எழுதினார்கள். ஒழுங்காக வரி கட்டிய பதிவு இருந்தால் பிற்காலத்தில் விசா வழக்கில் உதவும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

2025 ஏப்ரலில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கப் பிரிவுக்குத் தகவல் தர ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐஆர்எஸ்ஸின் தற்காலிகத் தலைவராக இருந்த மெலனி கிராஸ் அதையடுத்துப் பதவி விலகினார். ஐஸ் கேட்டது சுமார் 12.8 லட்சம் பேரின் விவரம். ஐஆர்எஸ் ஆகஸ்டில் கொடுத்தது சுமார் 47,000 பேருடையது.

நவம்பரில் வாஷிங்டன் நீதிபதி காலீன் காலர் கோடெல்லி இந்தப் பகிர்வு சட்டவிரோதம் என்று கூறித் தடுத்தார். சட்டப்படி, தகவல் கேட்கும் துறைதான் அந்த நபரின் முகவரியை முதலில் தர வேண்டும். இங்கே கேட்டதே முகவரியைத்தான்! ஆனால், போய்ச் சேர்ந்த முகவரிகளை ஒரு தீர்ப்பு திரும்பக் கொண்டுவந்துவிடாது.

இப்போது என்ன செய்வது?

எச்-4 குடும்பங்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை, விண்ணப்பிக்கலாம். எச்-4-லேயே வேலை அனுமதி கிடைத்தவர்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே வாங்கலாம், அதன்பிறகு ஐடிஐஎன்னைப் பயன்படுத்தக் கூடாது. ஆவணம் இல்லாதவர்கள் புதிதாக விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுவது அவசியம். ஏற்கெனவே பல ஆண்டுகளாகத் தாக்கல் செய்பவரின் முகவரி ஐஆர்எஸ்ஸிடம் இருக்கத்தான் செய்கிறது. அவருக்கு இந்த ஆண்டு நிறுத்துவதால் பழைய பதிவு அழியாது. வரி கட்டாத குற்றம் மட்டும் புதிதாகச் சேரலாம்.

ரீஃபண்ட் காசோலையாக வருவதும் குறைந்துவிட்டது. 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு காகிதக் காசோலைகளை ஐஆர்எஸ் படிப்படியாக நிறுத்துவதால், வங்கிக் கணக்கு வேண்டும். ஐடிஐஎன் எண்ணை ஏற்றுக் கணக்கு திறக்கும் வங்கிகள் இருக்கின்றன. தொடர்ந்து 3 ஆண்டுகள் வரிக் கணக்கில் பயன்படுத்தாத ஐடிஐஎன், மூன்றாம் ஆண்டு டிசம்பர் 31-ம் தேதியோடு காலாவதியாகும், அதே டபிள்யூ-7 படிவத்தில் புதுப்பிக்க வேண்டும். பழைய ஆண்டுகளின் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டவர்கள் ரீஃபண்ட் கேட்கவும் பொதுவாக 3 ஆண்டுகள்தான் அவகாசம். அது முடிந்தால் பிடித்த பணம் அமெரிக்க அரசுக்கே சொந்தம்.