கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்



விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு மலை, அருவி, கோயில் என்றே இதுவரை பதில் சொல்லி வந்தோம். இந்த முறை ஒரு கல் வீட்டைச் சொல்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்கள் அரை நாளை அரியலூருக்கு ஒதுக்குங்கள். அரியலூர் – தஞ்சை சாலையில் வாரணவாசியில் ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரைச் சுற்றிய மண்ணில் கிடைத்தவற்றைக் காட்டும் சின்ன இடம். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பாடம் அங்கே கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

அம்மோனைட்டுகளின் முன் கொஞ்சம் நில்லுங்கள். பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சுருள் பழகியதுதான். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்டின் புதைபடிவமே. கணவாய்க்குத் தூரத்து உறவான இந்தக் கடல் உயிர், தன் ஓட்டை உள்ளே அறை அறையாகத் தடுத்து, அவற்றில் வாயுவை நிரப்பி மிதந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தில் இந்த இனமும் அழிந்தது.

கடல் உயிருக்கு அரியலூரில் என்ன வேலை? இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிந்து வந்தபோது நம் கிழக்குக் கரையோரம் நிலம் விரிசல் கண்டு தாழ்ந்தது. அந்தப் பள்ளத்துக்குள் கடல் ஏறி வந்தது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் இங்கே கடல் இருந்தது. சிப்பியும் நத்தையும் பவளமும் அடுக்கடுக்காகப் படிந்தன. ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பகுதியை ஆராய்ந்து 1862-இல் விரிவாக எழுதினார். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராக இருந்தவரும் அவரேதான். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களாலேயே இந்தப் பாறைத் தொகுதிகளை இன்றும் உலகெங்கும் நிலவியலாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் இருப்பதற்கும் அந்தக் கடல்தான் காரணம். சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அது பெரும்பாலும் கடல் உயிர்களின் ஓட்டிலிருந்து வந்தது. அடுத்து வேண்டியது ஜிப்சம். பக்கத்துக் காரை கிராமத்துக் களிமண் மேடுகளில் அதுவும் கிடைக்கிறது. நம்மில் பலர் குடியிருப்பது அந்தப் பழைய கடலின் தரையை அரைத்துக் கட்டிய வீடுகளில்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்தால் போதாது, கல்லைத் தொட்டால்தான் பாடம் ஏறும். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு கைலென்ஸ், ஒரு பேனாக்கத்தி, மருந்துப் புட்டியில் கொஞ்சம் வினிகர் போதும். ஒரு சுண்ணாம்புக்கல் துண்டையும் வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் கருங்கல் ஜல்லியையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கத்தி முனை சுண்ணாம்புக்கல்லில் கோடு இழுக்கும். ஜல்லியில் அவ்வளவு சுலபமாக இழுக்காது. சுண்ணாம்புக்கல்லைச் சுரண்டிய பொடியில் வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்கும். வெளியே வருவது கரியமில வாயு. ஜல்லியோ சும்மா நனையும். ஜிப்சத்துக்குக் கத்தியே வேண்டாம், நகம் போதும். 1812-இல் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோல் செய்வதும் இதே வேலைதான்: எது எதைக் கீறும் என்று பார்ப்பது. அதில் ஜிப்சத்துக்கு 2, சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட்டுக்கு 3, குவார்ட்சுக்கு 7, வைரத்துக்கு 10. பெயரைப் பிறகு சொல்லுங்கள். முதலில் கீறிப் பார்க்கட்டும்.

நேரம் இருந்தால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கும் போய் வாருங்கள். 18 மீட்டருக்கும் மேல் நீளமான கல்மரம் அங்கே படுத்துக் கிடக்கிறது. 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அறிவுலகத்துக்குத் தெரியப்படுத்தினார். கடலில் விழுந்து மண்ணுக்குள் புதைந்த மரத்தில், மரப்பொருள் இருந்த இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. அதைக் கண்ணால் மட்டும் பாருங்கள். கத்தி பையிலேயே இருக்கட்டும்.

சென்னை வாசகர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கரும்பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக்கல் இந்த வகைப் பாறை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. உலகப் பாடநூல்களில் இருக்கும் அந்தப் பாறையின் மேல்தான் மாநகரப் பேருந்து ஓடுகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பரிசோதனைக்கு ஜல்லியும் சாதாரணக் கல்துண்டும் போதும். புதைபடிவம் எதையும் பெயர்த்து எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் அழகுப் பொருள். எடுத்து வந்தாலும் நிலைக்கும் என்பதில்லை. அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்து, 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட டைனோசர், பூமியில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். அதன் எலும்புகள் பிற்பாடு உதிர்ந்து போயின. படங்களை வைத்துக்கொண்டுதான் இன்றும் விவாதிக்கிறார்கள். இருக்கிற இடத்தில் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கல்லைப் பற்றி எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்