பதினைந்து மதிப்பெண்ணும் ஒரு கையெழுத்தும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் உள்ள நமது சங்க அறைக்குத் தோழர் ஒருவர் தம் மகளோடு வந்தார். தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் உழைத்தவர். பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறோம், இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லி, முதலாளி கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். நமது தோழர் ஏமாளி அல்ல. "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று தாளை வாங்கி வந்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் கொடுத்தார். மகளும் படித்தாள். எங்கும் தடுக்காமல், ஒரு சொல்லும் விடாமல் உரக்கப் படித்தாள். "என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார். "சம்பளம் எல்லாம் கொடுத்தாச்சுன்னு போட்டிருக்குப்பா" என்றாள். மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாளின் நகலை நாம் வாங்கிப் பார்த்தோம். மொத்தம் எட்டு வரி. சம்பளம் கொடுத்தாயிற்று என்பது முதல் இரண்டு வரி. மீதி ஆறு வரிகளில் இருந்த செய்தி வேறு. நானே விரும்பி வேலையை விட்டு விலகுகிறேன். இதுவே முழுமையான, இறுதியான கணக்கு. இனிமேல் எந்தப் பாக்கியும் கேட்டு வரமாட்டேன். இவ்வளவும் அவர் வாயால் சொன்னதாக எழுதப்பட்டிருந்தது.

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஐந்து ஆண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் பணிக்கொடை உண்டு. சட்டம் கொடுத்த அந்த உரிமையை ஒரு கையெழுத்தால் பறித்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் "நானே விலகுகிறேன்" என்ற ஒரு வரி, ஆட்குறைப்புக்கான இழப்பீட்டைக் கேள்விக்குரியதாக்கிவிட்டது. கேட்டால் கிடைத்திருக்க வேண்டியதற்காக அவர் இன்று தொழிலாளர் அலுவலகப் படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பத்து ஆண்டுகளாக அவளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார்கள், உரக்கப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கைடு புத்தகத்தைப் பார்த்து விடை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். "இவ்வளவும் படித்தாயே, இதில் சொல்லியிருப்பது என்ன?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பெற்றோராகிய நாமும் கேட்கவில்லை. பிள்ளை ஆங்கிலம் வாசிக்கும் ஓசையைக் கேட்டே நம் வயிறு நிறைந்துவிட்டது.

இனித் தேர்வு விஷயத்துக்கு வருவோம். மராட்டிய மாநிலத்தின் எஸ்.எஸ்.சி. தேர்வில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ மூன்றாம் மொழியாகவோ எழுதும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. அண்மை ஆண்டுகளின் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத புதிய பத்தி ஒன்றைக் கொடுத்து, அதன்மேல் 10 மதிப்பெண்ணுக்கு வினாக்கள். அதே பத்தியைச் சுருக்கி, தலைப்பும் கொடுத்து எழுத 5 மதிப்பெண். ஆகப் பதினைந்து. தேறுவதற்கு 35 வேண்டும் என்றிருக்கும் தேர்வில் பதினைந்து என்பது சிறிய தொகையல்ல.

இந்தப் பதினைந்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இதைக் கைடு புத்தகம் விற்க முடியாது. எந்தப் பத்தி வரும் என்று ட்யூஷன் வாத்தியாருக்கும் தெரியாது. மாதம் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் படிக்கும் பிள்ளையும், குழாயடியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் நம் பிள்ளையும் அந்தப் பத்தியை முதல்முறையாகப் பார்ப்பது தேர்வு மண்டபத்தில்தான். ஆகவே காசில்லாதவன் பயிற்சியால் மட்டுமே எடுக்கக்கூடிய மதிப்பெண் இது. அப்படியிருந்தும் நம் பிள்ளைகளில் பலர் செய்வது என்ன? பத்தியின் முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் அப்படியே பார்த்து எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தோழரின் மகள் வீட்டில் செய்ததும் இதுவேதான். முதல் இரண்டு வரியைச் சொன்னாள்.

சுருக்கிச் சொல்வது நமக்குப் புதிய வித்தையா? அல்ல. நன்னூல் சொல்லும் பத்து அழகுகளில் முதல் இரண்டு, சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும். தமிழ்ப் பாடத்தில் "மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக" என்ற கேள்விக்கு நம்மில் பலர் விடை எழுதியிருக்கிறோம். 2013 ஜூலையில் தந்தி நிற்கும்வரை, சொல்லுக்குச் சொல் காசு என்பதால், ஊரில் நடந்த சாவையும் கலியாணத்தையும் ஏழெட்டுச் சொல்லுக்குள் அடக்கியவர்கள் நம் தாய் தந்தையர். ரயில்வே எழுத்தராக நாம் அன்றாடம் செய்வதும் இதுதான். நாற்பது பக்கக் கோப்பைப் படித்து, அதிகாரி அரை நிமிடத்தில் புரிந்துகொள்ளும்படி அரைப் பக்கக் குறிப்பு எழுதுகிறோம். மெட்ரிக்கோடு படிப்பை நிறுத்திய நமக்கு இதைக் கல்லூரி சொல்லித் தரவில்லை. பழக்கம் சொல்லித் தந்தது.

எப்படிப் பழகுவது? மும்பைவாசிகள் அனைவரும் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் அறிவிப்பு ஆங்கிலப் பத்திரிகையில் வருகிறது. மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே டவுன் ஃபாஸ்ட் லைனில் பராமரிப்பு வேலை, காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை, அந்த நேரத்தில் ஃபாஸ்ட் வண்டிகள் ஸ்லோ லைனில் திருப்பிவிடப்படும், இன்னின்ன நிலையங்களில் நிற்கும், பதினைந்து நிமிடம் தாமதமாகும், இந்த வேலை பயணிகளின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது, சிரமத்துக்கு வருந்துகிறோம். இப்படி அரைப் பத்தி நீளத்துக்குப் போகும். இதை டீக்கடையில் நம் ஆள் எப்படிச் சொல்கிறான்? "ஞாயிறு பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் தானா பக்கம் போற ஃபாஸ்ட் வண்டியெல்லாம் ஸ்லோ லைன்ல போவுது, கால் மணி லேட்டு. நீ முன்னாடியே கிளம்பு." இதுதான் சுருக்கம். எதை விட்டான்? நிலையங்களின் பெயர்களை விட்டான், வருத்தத்தை விட்டான். எதைப் பிடித்தான்? எப்போது, எங்கே, என்ன, எவ்வளவு என்பதைப் பிடித்தான். ஒரே ஒரு பிழை செய்தான். "முன்னாடியே கிளம்பு" என்பது அறிவிப்பில் இல்லை. அது அவன் சொந்த யோசனை. டீக்கடையில் அது நல்ல யோசனை. தேர்வுத் தாளில் அதைச் சேர்க்கக் கூடாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்று: முதல்முறை பென்சில் இல்லாமல் முழுவதும் படிக்க வேண்டும். தெரியாத சொல் வந்தால் நின்றுவிடக் கூடாது. அடுத்த வரி பெரும்பாலும் அதன் பொருளைக் காட்டிக் கொடுக்கும்.

இரண்டு: மறுமுறை பென்சிலோடு படித்து, யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்பவற்றுக்கு மட்டும் கோடிட வேண்டும். உதாரணம், திரும்பச் சொன்னது, வருணனை இவற்றை அடித்துவிடலாம்.

மூன்று: "பட்", "ஹவெவர்", "தேர்ஃபோர்", "அன்லெஸ்" போன்ற சிறிய சொற்களைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பேச்சு திரும்பும் இடம் அங்கேதான். பெரிய சொற்களைக் கண்டு பயப்படும் நாம், ஏமாறுவது இந்தச் சின்னச் சொற்களில்.

நான்கு: தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததை ஒரே மூச்சில் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள்; மறுபடி படிக்க வேண்டியதுதான். தமிழில் சொல்ல வந்தபின், அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாகத் தன் சொல்லிலேயே எழுத வேண்டும்.

ஐந்து: மூன்றில் ஒரு பங்கு நீளம், ஒரே பத்தி. "ஐ திங்க்" கூடாது. ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் எழுதாமல், அவர் இன்னது சொன்னார் என்று மாற்றி எழுத வேண்டும். தலைப்பு நாலைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். அதை எழுதி முடித்தபின் வைத்தால் பொருத்தமாக அமையும்.

நான்காவதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத தாயும் இதில் ஆசிரியர் ஆகலாம். பிள்ளை படித்து முடித்ததும் "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை. பிள்ளை சொல்வது முன்னுக்குப்பின் முரணாக இருந்தால் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. நம் மொழி இங்கே தடைக்கல் அல்ல. அதில் ஏறி நின்றுதான் ஆங்கிலத்தை எட்டிப் பிடிக்க வேண்டும். பல தமிழ்ப் பள்ளிகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால் வேறு பயிற்று மொழிக்கு மாற நேரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம்.

சிலர் கேட்கிறார்கள்: கைபேசியைத் தாளின்மேல் காட்டினால் தமிழில் வந்துவிடுகிறதே, பிறகு ஏன் இந்தப் பாடு? கைபேசியைத் தேர்வு மண்டபத்துக்குள் விடமாட்டார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, கைபேசி எட்டு வரியையும் தமிழாக்கிக் கொடுத்தாலும், அதில் எந்த வரி உன் சோற்றைப் பறிக்கிறது என்று நிறுத்திப் பார்ப்பது நம் வேலை. அந்தப் பழக்கம் இல்லாதவன் தமிழில் எழுதிய தாளிலும் ஏமாந்து கையெழுத்துப் போடுவான். தாராவி மறுசீரமைப்புக்கென்று 2024 முதல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்ததை நாம் அறிவோம். வீட்டுத் தாள், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, வங்கிக் கடன் பத்திரம் என்று தாள்மேல் தாளாக வரும் காலம் இது. வாசலில் தாளோடு ஆள் நிற்கும்போது, வீட்டில் படித்தவர் என்று நாம் திரும்பிப் பார்ப்பது அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையைத்தான்.

ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறோம். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்க அறையில் ஒரு மணி நேரம். கட்டணம் இல்லை. கைடு கொண்டுவர வேண்டாம். ஒரு பத்தி, ஒரு பென்சில், ஒரு நோட்டு போதும். பத்திக்குப் பஞ்சமில்லை: பாலபாரதியின் பாடப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கீழ்வகுப்பு ஆங்கில வழி அறிவியல், வரலாற்றுப் புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொள்வோம். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் புத்தகப் பத்திக்குப் பதிலாக, உங்கள் வீட்டுக்கு வந்த தாள் ஒன்றைப் பெயரை மறைத்துக் கொடுங்கள். பிள்ளைகள் அதைச் சுருக்கட்டும். கல்லூரிக்குப் போன தம்பி தங்கைகள் வாரம் ஒருவராக வந்து திருத்திக் கொடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம். தேர்வு பிப்ரவரி, மார்ச்சில் வந்துவிடும். ஜனவரியில் ஓடி வருவதில் பயனில்லை.

அந்தத் தோழரின் மகள் முதல் வாரத்திலிருந்தே வருகிறாள். முதல் நாள் பேசவேயில்லை. அப்பா முகத்தையும் பார்க்கவில்லை. போன மாதம், தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனுவை நாம் மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தோம். அதை வாங்கிப் படித்துவிட்டு, "மாமா, இதுல நாம கேக்குறது ரெண்டே விஷயந்தானே?" என்றாள். அந்த இரண்டையும் ஆறு வரியில் எழுதி மனுவின் முகப்பில் வைத்தாள். ஒரு வினைச்சொல்லைத் திருத்தினோம். மற்றதெல்லாம் அவள் எழுதியபடியே போயிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. அடுத்த விசாரணைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளையையும் அனுப்புங்கள், தோழர்களே. அதுவரை வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் உரக்கப் படித்ததோடு விட்டுவிடாதீர்கள். என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வந்தபின் பேனாவைத் திறந்தால் போதும்.