எட்டாம் நம்பர் ஷூ

ஓசூரில் எங்கள் கோஷ்டி மொத்தம் ஐந்து பேர். சிப்காட்டில் ஒருத்தர் ஸ்டோர்ஸ், ஒருத்தர் க்வாலிட்டி, ஒருத்தர் டெஸ்பாட்ச், அத்திப்பள்ளியிலிருந்து தினமும் பார்டர் தாண்டி வேலைக்கு வரும் கன்னட நண்பர் ஒருத்தர். அப்புறம், நாலு சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டு மிச்ச நேரத்தில் உங்கள் கழுத்தை அறுக்கும் அடியேன் (பி.காம்., செகண்ட் கிளாஸ்).

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே சுற்றினாலும் ரெண்டு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். திங்கட்கிழமை டீ டயத்தில் மற்றவர்கள் அதைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள்.

இதுவரை வந்த படங்கள்: சந்திரசூடேஸ்வரர் மலை மேலிருந்து ஊர் - பன்னிரண்டு தடவை. கே.ஆர்.பி. அணை - ஏழு தடவை (அதில் நாலில் அணை கிடையாது, மீன் வறுவல் மட்டும்). பெங்களூர் விதான சௌதா முன்னால் டெஸ்பாட்ச் - ஒரே தடவை. தொப்பைக்குப் பின்னால் கட்டடத்தில் பாதியைக் காணோம்.

இந்த லட்சணத்தில்தான் என் முறை வந்தது.

ராயக்கோட்டை ரோட்டில் போய், ஒரு கிளை ரோட்டில் திரும்பி, டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். கடைக்குப் போகச் சாக்கடையைத் தாண்ட வேண்டும். அதன் மேல் ஒரு பலகைக்கல் போட்டிருந்தார்கள். ஊரே அதை மிதித்துக்கொண்டு போய் டீ குடித்தது. நானும் மிதித்தேன். குடித்துவிட்டுத் திரும்பும்போது மணி ஐந்தரை. வெயில் படுத்த வாக்கில் அடித்தது. திடீரென்று கல்லில் ஒரு கை தெரிந்தது. கையில் வில்!

மத்தியான வெயிலில் தேய்ந்த சிற்பம் எதுவும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்தால்தான் கோடு எழும்பும். இது அப்புறம் தெரிந்துகொண்ட விஷயம். அப்போது செய்தது, கல்லின் ஓரத்தில் நின்றபடியே குனிந்து ஒரு க்ளிக். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விவாதம் அமோகமாக நடந்தது.

"துவைக்கிற கல்லைப் போய் படம் புடிச்சிருக்கான்யா" என்றார் க்வாலிட்டி.

"யோவ், நல்லாப் பாரு. எங்க ஊத்தங்கரைப் பக்கம் இதுக்கு வேடியப்பன்னு பேரு. பொங்கல் வெச்சுக் கும்பிடுவோம்" என்றார் ஸ்டோர்ஸ்.

அத்திப்பள்ளிக்காரர் படத்தைப் பெரிதுபடுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வீரகல்லு ஸார். எங்க பேகூர்ல இருக்கு."

தமிழில் நடுகல். ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன், ஊருக்காகச் சண்டையில் விழுந்தவன் என்று எல்லோருக்கும் எங்கள் மாவட்டத்தில் கல் உண்டு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். அவர் சொன்ன பேகூர் இன்றைக்கு பெங்களூருக்குள் இருக்கிறது. அங்கே நாகேஸ்வரர் கோயிலில் கி.பி. 890 வாக்கில் வெட்டிய ஒரு கன்னடக் கல்வெட்டு, 'பெங்களூர்ச் சண்டை'யில் ஒருத்தன் செத்ததைச் சொல்கிறது. பெங்களூர் என்ற பெயர் வரும் மிகப் பழைய கல்வெட்டு அதுதான் என்கிறார்கள். ஐ.டி.யும் டிராஃபிக் ஜாமும் பின்னால் வந்தவை. ஊர்ப் பெயர் முதலில் வந்தது ஒரு சாவுச் செய்தியில்!

இன்னொன்றும் கேளுங்கள். செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் நடுகல். பல்லவ மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவன் கருந்தேவக்கத்தி. பக்கத்திலேயே அவன் நாயும் நிற்கிறது. பேர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்ததாம். சுமார் 1,400 வருஷமாக ஒரு நாயின் பெயர் இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா பெயர் எனக்குத் தெரியாது ஸார்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு கட்டம் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பதில் ஆரம்பித்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, கடைசியில் வாழ்த்து. நான் செய்தது ஒரே கட்டம். அதுவும் ஒரு விரலால்.

"சரி, எந்த ஊர்? கூகுள் மேப்ல போடு" என்றார் டெஸ்பாட்ச், அவருடைய வழக்கமான கேள்வியாக. போனில் லொகேஷனை ஆஃப் பண்ணி வைத்திருந்தேன். ஊர்ப் பெயரை நான் கேட்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஐந்து பேரும் மூன்று வண்டியில் கிளம்பினோம். நாலு கிளை ரோடு தப்பாகத் திரும்பி, ஐந்தாவதில் டீக்கடையைப் பிடித்தோம். கடை இருந்தது. சாக்கடை இல்லை. ரோட்டை அகலப்படுத்திப் புது சிமெண்ட் பைப் பதித்து, மேலே ஜல்லி கொட்டியிருந்தது.

"அந்தக் கல்லா? போன வாரம் பழைய மண்ணோட லோடுல அள்ளிட்டுப் போய்ட்டாங்களே. ஏன் ஸார், உங்க கல்லா?" என்றார் கடைக்காரர்.

என்ன பதில் சொல்வது? ரோடு போட்டவர்களைத் திட்ட வாய் வரவில்லை. ஊரே மிதித்த கல்லை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அது என்ன கல் என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் இரண்டு வாரமாக டீ குடித்துக்கொண்டிருந்தோம். அருங்காட்சியகத்துக்கு ஒரு போன்? வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அன்று ராத்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வில் பிடித்த கை. கொண்டை. காலடியில் மாடு மாதிரி ஒன்று. அதற்குப் பக்கத்தில் கீறல் கீறலாக எழுத்துகள். மூன்று தெரிகிறது. நாலாவது எழுத்திலிருந்து என் ஷூ ஆரம்பிக்கிறது.

இப்போது எங்கள் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. கல்லைப் படம் எடுத்தால் லொகேஷன் ஆன். ஊர்ப் பெயர் கேட்டு எழுது. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனா வை. நாலு ஓரமும் படத்தில் வரட்டும். சாயங்கால வெயிலில் எடு. மறுநாளே அருங்காட்சியகத்துக்குச் சொல். எல்லாவற்றுக்கும் முன்னால், காலை எடு.

எடுத்தனூர் நாயின் பேர் கோவிவன். எங்கள் ஊர் வீரனின் பேரைக் கேட்காதீர்கள். அதன் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.